மூன்றரைக் கட்டை: கடலூர் வட்டாரக் கிட்டார் குழூஉக்குறி பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வு தோன்றிய சூழல்

கடலூரில் 'ஓ.டி.' என்றால் ஓல்டு டவுன்; துறைமுகமும் மீன் வாடையும் உள்ள முதுநகர். 'என்.டி.' என்றால் நியூ டவுன். மஞ்சக்குப்பமும் திருப்பாதிரிப்புலியூரும் அந்தக் கணக்கில் வரும். பஸ் கண்டக்டர் முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை இதில் யாருக்கும் ஐயம் எழுந்ததில்லை.

ஐயம் எழுந்தது, கோயில் திருவிழா ஒன்றின் மெல்லிசை மேடைக்குப் பின்னால். கீபோர்டுக்காரர் கிட்டார்க்காரப் பையனைப் பார்த்து, "ரெண்டாவது பிட்டுக்கு ஓ.டி. போயிடு தம்பி" என்றார். பக்கத்தில் சீரியல் பல்புக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்த உள்ளூர்ப் பெரியவர் பதறிப்போய், "இந்நேரத்துக்கு ஓ.டி.க்கு ஏதுப்பா பஸ்ஸு?" என்றார்.

பையன் போக வேண்டிய ஓ.டி. அவன் காலடியிலேயே கிடந்தது. ஓவர்டிரைவ் என்னும் மிதிபெட்டியின் சுருக்கப் பெயர் அது. ஜப்பானின் பாஸ் நிறுவனம் 1977இல் ஓ.டி.-1 என்றே பெயர் சூட்டி அப்படியொரு பெட்டியை விற்பனைக்கு விட்டது. மிதித்தால், அதுவரை நல்ல பிள்ளையாக ஒலித்த கம்பி, தொண்டை கட்டிய ஏலக்காரர்போல் கரகரக்கும். இரண்டு எழுத்து, இரண்டு ஊர், நடுவில் ஒரு பெரியவர். தமிழ் ஆய்வுலகம் இந்த இடைவெளியை இதுவரை கண்டுகொள்ளாமல் இருந்தது பெருங்குறை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை.

2. கோட்பாட்டுச் சட்டகம்

கோட்பாடு இல்லாமல் ஆய்வு இல்லை என்பதால், இந்த ஆய்வுக்கும் ஒன்று தேடப்பட்டது. தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் நன்னூலில் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார். ஒரு தொழிற்கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி ஒரு பொருளை வேறு பெயரால் சொல்வது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் பள்ளி இலக்கணப் பாடத்திலேயே வரும் எடுத்துக்காட்டுகள்.

இம்மூன்றில் கடைசி எடுத்துக்காட்டு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. உள்ளே போனால் பேச்சை வெளியே கொண்டுவருவதால் கள் சொல்விளம்பி ஆயிற்று. மெல்லிசைக் குழுவில் ஒருவர் இடைவேளைக்குப் பின் கண் சிவக்க மேடையேறினால், மற்றவர்கள் "அண்ணனுக்குச் சுருதி ஏறிடுச்சு" என்பார்கள். வேடர் போய்ப் பாடகர் வந்தார், பொருள் மாறவில்லை. குழூஉக்குறி என்பது கூட்டத்தை மாற்றிக்கொள்ளும், குணத்தை மாற்றிக்கொள்ளாது என்பது இவ்வாய்வின் முதல் கருதுகோள்.

ஆய்வுக் களம்: வடக்கே கடலூர், தெற்கே சிதம்பரம். கடலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு பாடங்கள். கிட்டார் அதில் இல்லை. சிதம்பரத்தில் 1929 முதல் இசைக்கல்லூரி இருக்கிறது. வீணைக்கும் வாய்ப்பாட்டுக்கும் அங்கே பெரிய மரபு. ஆக, இந்த வட்டாரக் கிட்டார்க்காரர் தம் சொற்களைப் பாடப்புத்தகத்தில் கற்கவில்லை. மாதா கோயில் பாடகர் குழுவிலும், கல்லூரி ஹாஸ்டல் மொட்டை மாடியிலும், மேடைக்குப் பின்புறமும் கற்றார். கலப்படம் இல்லாத தரவு வேறெங்கே கிடைக்கும்?

3. வினையியல்

இவர்கள் பேச்சில் பெயர்ச்சொல் எல்லாம் ஆங்கிலம், வினைச்சொல் எல்லாம் தமிழ். கார்டு 'பிடி'. ரிதம் 'அடி'. லீடு 'போடு'. கீயை 'முறுக்கு'. இங்கே கீ என்பது சாவி அன்று. கம்பியை இறுக்கும் முளை. வீணைக்காரர் அதைப் பிருடை என்பார்.

'பிட்டு' என்ற சொல்லுக்குத் தனிக் கவனம் தேவை. மெல்லிசைக் குழுவில் பிட்டு என்றால் பாட்டின் நடுவே வரும் இடையிசைத் துண்டு. பல்கலைக்கழக ஊரான சிதம்பரத்தில் அச்சொல்லுக்கு வேறொரு பொருள் தேர்வுக்கூடத்தில் வழங்குகிறது. "பையன் பிட்டெல்லாம் சுத்தமா அடிக்கிறான் சார்" என்று ஒரு கிட்டார் மாஸ்டர் புகழ்ந்தபோது, அந்தப் பையனின் அப்பா முகம் போன போக்கு ஆய்வுக் குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது.

'பார் கார்டு' இன்னொன்று. ஒற்றைச் சுட்டுவிரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே பாலம்போல் அழுத்திப் பிடிக்கும் முறை அது. எஃப் என்னும் கார்டு இப்படிப் பிடிக்க வேண்டியது. கிட்டார் கற்கப் போனவர்களில் பலர் நின்றுபோன இடம் எஃப். "பார்ல கையே நிக்க மாட்டேங்குதும்மா" என்று மகன் சொன்னால், தாய்மார்கள் உடனே தகப்பனாரைக் கூப்பிடக் கூடாது.

'ஆக்‌ஷன்' என்றால் சண்டைக் காட்சி இல்லை. பலகைக்கும் கம்பிக்கும் இடையே உள்ள உயரம். 12ஆவது ஃப்ரெட்டில் அளந்தால் அது 2 மில்லிமீட்டரைச் சுற்றி இருப்பது நல்லது. மலிவுக் கிட்டார்களில் உயரம் கூடியிருக்கும். அழுத்த அழுத்த விரல் நுனியில் கோடு விழும், பிறகு கொப்புளிக்கும், பிறகு தோல் தடித்துக் காய்த்துப்போகும். அதனால் மாஸ்டர் கேட்கும் முதல் கேள்வி: "விரல் காய்ச்சுதா?" இதே கேள்வியை இதே மாவட்டத்துப் பண்ருட்டியில் பலாமரத்தைப் பார்த்துக் கேட்பார்கள். தஞ்சாவூர் வீணைக்கு அந்தப் பண்ருட்டிப் பலாமரம்தான் போகிறது என்பதால், காய்ப்பு என்ற சொல் கருவியின் இரு முனையையும் தொட்டு நிற்கிறது.

வழக்கில் இல்லாத வினை ஒன்றும் உண்டு: 'மீட்டு'. கவிஞர்கள் இதை விடாமல் எழுதுகிறார்கள். களத்தில் ஒரு கிட்டார்க்காரரும் இதைச் சொல்லிக் கேட்கவில்லை, ஒரே ஒருமுறை தவிர. "போன மாசம் அடகுக் கடையிலேர்ந்து மீட்டுட்டேன்" என்றார் அவர்.

4. கம்பி

கிட்டாருக்கு 6 கம்பி. தமிழருக்குக் கம்பியைப் பற்றி ஏற்கெனவே 3 வழக்குகள் இருந்தன. கம்பி நீட்டுவது என்றால் ஓடிப்போவது. கம்பி எண்ணுவது என்றால் சிறையிலிருப்பது. கம்பி கட்டுகிற கதை என்றால் நம்ப முடியாத புளுகு. இம்மூன்றும் கிட்டாருக்கு முந்தியவையா பிந்தியவையா என்ற விவாதத்தில் இறங்காமல், மூன்றும் கிட்டார்க்காரருக்குப் பொருந்துகின்றன என்று மட்டும் பதிவு செய்யலாம். முன்பணம் வாங்கிய குழு கம்பி நீட்டும். புதிதாகக் கம்பி மாற்றியவர் ஏன் கச்சேரிக்குப் பிந்தினார் என்று சொல்வது கம்பி கட்டுகிற கதை.

கம்பி எண்ணுவதுதான் இந்த வட்டாரத்தில் கொஞ்சம் கனமான சொல். கடலூர் என்றதும் வெளியூர்க்காரருக்கு முதலில் நினைவு வருவது மத்தியச் சிறை. 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் கைதான பாரதியை வைத்ததும் கடலூர்ச் சிறையில்தான். டிசம்பர் நடுவில் வெளியே வந்தார். அதனால் கடலூரில் ஒரு பையன், "வீட்டுல உக்காந்து கம்பி எண்ணிக்கிட்டிருக்கேன்" என்று நகைச்சுவைக்குச் சொன்னாலும் கேட்பவர் சிரிப்பதற்கு ஒரு நொடி பிடிக்கிறது.

கடற்கரை ஊரில் கம்பிக்கு ஆயுள் குறைவு. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஒரு மாலை வாசித்துவிட்டுத் துடைக்காமல் வைத்தால் உப்புக் காற்று வேலையைத் தொடங்கிவிடும். பளபளப்புப் போய், சத்தம் மந்தமாகிய கம்பியை இவர்கள் 'செத்துப்போச்சு' என்பார்கள். அறுந்ததை அப்படிச் சொல்வதில்லை. அறுந்தது அறுந்தது, செத்தது வேறு. மருத்துவத்தில்கூட இவ்வளவு நுணுக்கமான பிரிவு இல்லை.

இங்கே ஒப்பீட்டுக்குச் சிதம்பரம் தேர் வீதிகளின் நாதசுர மரபைப் பார்க்க வேண்டும். நாதசுரக்காரரின் தொழிற்சொற்கள் எப்போதோ ஊர்ச் சொத்தாகிவிட்டன. ஒரே சுரத்தை மூச்சு விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் துணைக்கருவி ஒத்து. அதிலிருந்து 'ஒத்து ஊதுவது' வந்தது. கைத்தாளத்திலிருந்து 'ஜால்ரா' வந்தது. அரசியல் மேடைகள் இவ்விரண்டும் இல்லாமல் நடக்கா. கிட்டார் இன்னும் தமிழ் அரசியலுக்கு ஒரு வசவுகூட ஈட்டித் தரவில்லை. ஒரு கருவி இந்த மண்ணில் வேரூன்றியதற்கு அளவுகோல் அதுவே எனில், கிட்டாருக்கு இன்னும் காலம் இருக்கிறது.

5. உறுப்பியல்

கம்பிகளைத் தாங்கி அதிர்வை உடம்புக்குள் அனுப்பும் பாகத்தை ஆங்கிலம் 'பிரிட்ஜ்' என்கிறது. அதன்மேல் இருக்கும் வெள்ளைத் துண்டு 'சாடில்', அதாவது சேணம். வீணையில் அதே பாகத்துக்குப் பெயர் குதிரை. ஆக, கிட்டாரில் சேணம் இருக்கிறது, குதிரை இல்லை. வீணையில் குதிரை இருக்கிறது, சேணம் இல்லை. இரு கருவிகளும் ஒரே லாயத்தில் பிறந்து பாகப்பிரிவினையில் பிரிந்தவை என்று ஆய்வாளர் முடிவு கட்ட இருந்தார். நல்லவேளையாக, குதிரை வயலினிலும் இருப்பது நினைவுக்கு வந்தது.

ஃப்ரெட் என்பதற்கு வீணையில் மெட்டு என்று பெயர். சினிமாவில் மெட்டு என்றால் பாட்டின் இசையமைப்பு. வீணையில் 24 மெட்டுகள். அவை மெழுகின்மேல் பதிந்திருக்கும். வெயிலில் மெழுகு இளகி இடம் பெயர்ந்தால் எடுத்து மறுபடி பதிக்க வேண்டும். அந்த வேலைக்கு 'மேளம் கட்டுதல்' என்று பெயர். கிட்டாரில் மெட்டு கம்பியாக மரத்தில் அடிக்கப்பட்டுவிடும், இடம் பெயராது. எனவே கிட்டார்க்காரரிடம் போய் "மேளம் கட்டியாச்சா?" என்று கேட்டால் அவர் கல்யாணப் பத்திரிகையைத் தேடுவார்.

'நட்' என்பது இன்னொரு குழப்பம். கழுத்தின் உச்சியில் கம்பிகளை இடைவெளிவிட்டு நிறுத்தும் சிறு துண்டு அது. வீணையில் அதற்கு மேரு என்று மலையின் பெயர். கிட்டார் நட்டை வாங்கி வரச் சொல்லி அனுப்பிய பையன், ஹார்டுவேர் கடையில் நான்கு அளவில் நட்டும் கூடவே போல்ட்டும் வாங்கி வந்ததில் அவன் பிழை ஏதுமில்லை.

சொல்லைத் தவறாகச் சூட்டுவது நம்மூர்க்காரருக்கு மட்டும் உரிய பழக்கம் என்று நினைக்க வேண்டாம். 1954இல் அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிட்டாரை வெளியிட்டார். அதில் சுருதியை ஆட்டும் ஒரு கைப்பிடி இருந்தது. சுருதி ஆடினால் அதன் பெயர் வைப்ராட்டோ. சத்த அளவு ஆடினால்தான் ட்ரெமொலோ. ஃபெண்டர் தம் கைப்பிடிக்கு ட்ரெமொலோ என்று பெயர் வைத்தார். பிறகு, சத்தத்தை ஆட்டும் வசதி கொண்ட ஆம்ப்ளிஃபயரை விற்றபோது அதற்கு வைப்ராட்டோ என்று பெயர் வைத்தார். இரண்டையும் நேர் தலைகீழாக வைத்ததால் கணக்கு ஒருவகையில் சரியாகிவிட்டது. 70 ஆண்டுகளாக உலகம் அந்தத் தவறையே சொல்லிக்கொண்டிருக்கிறது. வழக்கு வென்றது, அகராதி தோற்றது.

6. கட்டைக் கணக்கு

இந்த ஆய்வின் இதயம் இப்பகுதி. தமிழ்நாட்டுப் பாடகர் தம் சுருதியைக் 'கட்டை' என்ற அளவில் சொல்வார். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வரிசையாக எண்ண வேண்டும். சி 1 கட்டை, டி 2, இ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் அரைகள்: 1½, 2½, 4½, 5½, 6½.

கூர்ந்து பார்த்தவருக்கு ஒன்று தெரியும். 3½ இல்லை. இ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது. அவை இரண்டும் அரைச்சுர தூரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பவை. அதே காரணத்தால் 7½ கட்டையும் இல்லை. சனி பகவானின் ஏழரை மேடைக்கு எப்போது வேண்டுமானாலும் வரும். ஆர்மோனியத்தில் மட்டும் அதற்கு இடமில்லை.

கிட்டார்க்காரர் எழுத்தில் நினைக்கிறார், பாடகர் எண்ணில் பேசுகிறார். சுருதி சேர்த்த கிட்டாரின் ஆறு கம்பிகளைக் கட்டைக் கணக்கில் தடித்ததிலிருந்து சொன்னால் மூணு, ஆறு, ரெண்டு, அஞ்சு, ஏழு, மூணு. ஃபோனில் கேட்டால் ஓ.டி.பி. என்று குறித்துக்கொள்வார்கள்.

களக்காட்சி ஒன்று. மேடையில் பாடகர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு பின்னால் திரும்புகிறார்.

"நாலரை."

"நாலரையா? பிராக்டீஸ்ல அஞ்சுனுதானே இருந்துது மாஸ்டர்?"

"தொண்டை சரியில்லப்பா. நாலரையே போ."

நாலரைக் கட்டை எஃப் ஷார்ப். திறந்த கம்பியில் வாசிக்க வசதியில்லாத சுருதி. கீபோர்டுக்காரர் ஒரு பட்டனை ஒருமுறை தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்கிறார். கிட்டார்க்காரர் சட்டைப் பையில் கேப்போவைத் தேடுகிறார். எல்லாக் கம்பியையும் ஒரே இடத்தில் அமுக்கிப் பிடிக்கும் கவ்வி அது. இ-யிலிருந்து இரண்டு ஃப்ரெட் ஏறினால் எஃப் ஷார்ப் என்று விரலில் எண்ணி, இரண்டாவது ஃப்ரெட்டில் கவ்வியை மாட்டி, இ வடிவத்தையே பிடிக்கிறார். இதற்குள் டிரம்மர் நாலு தட்டிவிட்டார். இத்தனையும் நடந்தது ஏழெட்டு நொடியில். சபையில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், பாட்டு தொடங்கக் கொஞ்சம் தாமதமானது என்பதே.

7. கோடரி, விறகு, தாடை

இறக்குமதிச் சொற்களுக்கு வருவோம். மேற்கத்தியக் கிட்டார்க்காரர் தம் கருவியை 'ஆக்ஸ்', அதாவது கோடரி என்பார். அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் முதலில் சாக்ஸபோனை அப்படி அழைத்தனர். கிட்டார் பிறகு அந்தப் பட்டத்தைப் பறித்துக்கொண்டது. தனியாக ஒதுங்கி வெறியோடு பயிற்சி செய்வதற்கு 'வூட்ஷெட்' என்று பெயர். விறகுக் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பது. இங்கே பாடகர் கட்டை என்கிறார், அங்கே கிட்டார்க்காரர் கோடரி என்கிறார். பாடகர் கட்டையை நீட்ட, கிட்டார்க்காரர் கோடரியோடு நிற்கும் இந்தத் தொழிலுக்கு இசை என்று பெயர் வந்தது எப்படி என்பது தனி ஆய்வுக்கு உரியது.

விறகுக்கும் இசைக்கும் உள்ள தொடர்பில் நாம் அமெரிக்கருக்கு முந்தியவர்கள். திருவிளையாடற் புராணத்தில் விறகு விற்ற படலம் என்றே ஒன்று உண்டு. பாணபத்திரருக்காகச் சிவபெருமான் விறகுக் கட்டோடு மதுரை வீதியில் வந்து, திண்ணையில் உட்கார்ந்து பாடிய பாட்டில் ஏமநாதன் இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போனான். 1965இல் அது திரைக்கும் வந்தது. கதவைச் சாத்தாத விறகுக் கொட்டகை அது ஒன்றுதான்.

'சாப்ஸ்' என்றால் கைத்திறமை. ஆனால் சொல்லின் மூலப்பொருள் தாடை. வாயால் ஊதும் கருவிக்காரரின் உதடு, தாடை வலுவைக் குறித்த சொல், தாடைக்கு வேலையே இல்லாத கிட்டாருக்கு வந்து சேர்ந்தது. கடலூர்க் கிட்டார்க்காரர் இச்சொல்லைப் பயன்படுத்துவதில்லை. அவர் "கை பேசுதுடா" என்கிறார். தாடையைக் கைக்குக் கொண்டுபோன அமெரிக்கரைவிட, பேச்சைக் கைக்குக் கொண்டுவந்த இவர் ஒரு படி மேல்.

'கேஸ்' என்பதையும் விடக் கூடாது. புதுக் கருவி வாங்கிக்கொண்டே இருக்கும் ஆசை நோய்க்கு, அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஸ்டீலி டேன் குழுவின் வால்டர் பெக்கர் 1994இல் இந்தப் பெயரைப் பிரபலப்படுத்தினார். நம்மூரில் "எனக்கு கேஸ் ஜாஸ்தி" என்று ஒருவர் சொன்னால் மூன்று பேர் உதவிக்கு வருவார்கள்: சிலிண்டர் போடுபவர், வக்கீல், பெருங்காயத்தோடு பாட்டி. கிட்டார் கடைக்காரர் நாலாவதாக வருவார்.

8. குற்றவியல்

இதுவரை சொன்னதெல்லாம் புதுச்சரக்கு என்று வாசகர் நினைத்திருந்தால், அந்த எண்ணத்தைக் கலைப்பது ஆய்வாளரின் கடமை. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் அச்சேற்றினார். 1924 முதல் 1927 வரை சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரி முதல்வராக இருந்தார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்த விபுலாநந்த அடிகள், யாழ் ஒன்றுக்காகவே உழைத்து 1947இல் யாழ் நூலை அரங்கேற்றினார். நரம்புக்கருவிக் குழூஉக்குறிக்குச் சிதம்பரத்தைவிடத் தகுதியான ஊர் வேறில்லை.

பழைய இசைமரபு கருவியில் எழும் ஓசைக் குற்றங்கள் நான்கு என்கிறது: செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு. செம்பகை என்பது சுருதி சேராமல் இனிமை கெடுவது. ஆர்ப்பு, அளவை மீறிய இரைச்சல். கூடம், ஓசை வெளிவராமல் அமுங்குவது. அதிர்வு, நரம்பு நடுங்கிச் சிதறுவது. இன்றைய மேடையில் இந்த நான்குக்கும் தனித்தனியே "ஸ்ருதி அவுட்டு", "ஃபீட்பேக்", "டெட் நோட்டு", "பஸ் அடிக்குது" என்று பெயர். கடைசியில் உள்ள பஸ் ஃப்ரெட்டில் கம்பி உரசும் சத்தம். முதல் பகுதியில் பெரியவர் கவலைப்பட்ட பஸ் அன்று.

இக்குற்றங்களில் ஆர்ப்புக்குக் கடலூரில் நல்ல முன்னுதாரணம் உண்டு. 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியபோது, பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த தூரம்வரை உள்ள ஊர்களைத் தம் எல்லையாக எடுத்துக்கொண்டனர். அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். கோயில் திருவிழா ஸ்பீக்கர்களும் ஏறக்குறைய அதே நில அளவை முறையைப் பின்பற்றுகின்றன.

மரத்தைப் பற்றிய சர்ச்சையும் பழையது. இன்று இரு கிட்டார்க்காரர் சந்தித்தால் பத்தாவது நிமிடத்தில் மரத்துக்கு வந்துவிடுவார்கள். பக்கப் பலகை தோதகத்தியா, மஹோகனியா, ஒட்டுப் பலகையா? தோதகத்தி இனம் முழுவதற்கும் 2017இல் பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாடு வந்தபோது கிட்டார் உலகம் அலறியது. 2019இல் இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்த பிறகே அடங்கியது. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு யாழ்ப் போட்டிக்கு வந்த சீவகன் செய்ததும் இந்த மரச் சர்ச்சைதான். கொண்டுவந்த யாழ்களை ஒவ்வொன்றாகத் தள்ளினான். இது நீரில் கிடந்து அழுகிய மரம், இது இடி விழுந்த மரம் என்றான். ஒரு நரம்பின் முறுக்கைப் பிரித்து உள்ளே இருந்த மயிரை எடுத்துக் காட்டினான். கடைக்காரரைக் கண் கலங்கவைக்கும் வாடிக்கையாளரின் முதல் இலக்கியப் பதிவு இது.

யாழ் வாசிப்புக்கும் கலைச்சொற்கள் இருந்தன: வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை. நரம்பை உந்தி வலிவு மெலிவு பார்ப்பது உந்தல். ஒன்றோ இரண்டோ நரம்பை இடையில் விட்டுத் தாவுவது உறழ்தல். இன்று 'பெண்ட் பண்ணு', 'ஸ்கிப் பண்ணு' என்கிற பிள்ளைகளிடம் இந்த இரு சொல்லையும் சொன்னபோது, "நல்லாருக்கு சார், ஏதாச்சும் பெடல் பேரா?" என்றார்கள்.

இச்சொற்கள் வரும் சிலப்பதிகாரக் கானல்வரி, புகார்க் கடற்கரையில் நடக்கிறது. கோவலன் யாழ் வாங்கிப் பாடினான். மாதவி பதிலுக்குப் பாடினாள். பாட்டின் பொருளைத் தப்பாக எடுத்துக்கொண்டு பிரிந்துபோனார்கள். சில்வர் பீச்சுக்குக் கிட்டாரோடு போகும் இளைஞர்கள் பாட்டுத் தேர்வில் கவனமாக இருப்பது நல்லது.

9. உடைத்தல்

1964இல் லண்டனை அடுத்த ஹாரோவில், தாழ்ந்த கூரை கொண்ட ஒரு மதுக்கூடத்தில் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்டின் கிட்டார்த் தலை கூரையில் இடித்து உடைந்தது. கூட்டம் சிரித்ததுபோல் தோன்றவே, மிச்சத்தையும் அவரே அடித்து நொறுக்கினார். அன்றிலிருந்து கிட்டார் உடைப்பு ஒரு மேடைக் கலை. 1967இல் மாண்டரேயில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கொளுத்தியே விட்டார்.

இந்த மாவட்டத்தின் முறையீடு இங்கே பதிவாக வேண்டும். விருத்தாசலம் பக்கம் இராசேந்திரப்பட்டினம் என்று ஓர் ஊர். தேவாரத்தில் அதன் பெயர் எருக்கத்தம்புலியூர்; திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த இடம். ஞானசம்பந்தர் பதிகம் பாட, இவர் யாழில் வாசித்துக்கொண்டு ஊர் ஊராக உடன் போனார். காரைக்காலை அடுத்த தருமபுரத்தில் இவருடைய உறவினர்கள், பாட்டு பரவுவது உன் யாழால்தான் என்று பெருமை பேசிவிட்டார்கள். பாணர் நடுங்கிப்போனார். யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடும்படி சம்பந்தரிடமே வேண்டினார். அவர் பாடினார். விரல் தொடர முடியவில்லை. பாணர் யாழை உடைக்க ஓங்கினார்; சம்பந்தர் கையைப் பிடித்துத் தடுத்து, வந்தவரை வாசியும் என்றார். அந்தப் பண்ணுக்கு யாழ்மூரி என்று பெயர். இதைப் பாடிய சேக்கிழார் பெரியபுராணத்தை எழுதியது சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் என்பது மரபு.

பாணர் காலத்தில் டவுன்ஷெண்டைவிடச் சுமார் 1300 ஆண்டு மூத்தவர். காரணமும் வேறு: அவர் கூரை இடித்ததால் உடைத்தார், இவர் பாட்டு இடித்ததால் உடைக்கப் போனார். ஓங்கியதற்கே ஒரு பண்ணின் பெயர் கிடைத்தது, கருவியும் பிழைத்தது.

கதைக்குப் பின்குறிப்பும் உண்டு. தில்லைக் கோயில் அறையிலிருந்து தேவார ஏடுகள் வெளியே வந்தபோது, சொல் இருந்தது, பண் மறந்துபோயிருந்தது. இன்றைய பையன் மொழியில், லிரிக்ஸ் கிடைத்தது, டேப் கிடைக்கவில்லை. (டேப் என்பது எந்தக் கம்பியில் எத்தனையாவது ஃப்ரெட் என்று எண்களால் எழுதிவைப்பது, குழாயோ கேசட்டோ அளவு நாடாவோ அன்று.) எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணை வரவழைத்துத்தான் பண் வகுத்தார்கள் என்கிறது திருமுறைகண்ட புராணம். ஏட்டில் இல்லாத டேப்பை ஒரு குடும்பம் காதிலும் கையிலுமாக வைத்திருந்தது.

10. முடிவுகளும் பரிந்துரைகளும்

ஆய்வின் முடிவுகள் வருமாறு. கடலூர் மாவட்டக் கிட்டார்ப் பேச்சு ஆங்கிலப் பெயரை வாங்கித் தமிழ் வினையில் கட்டிய மொழி. அதிலுள்ள குற்றப் பெயர்கள் புதியவை, குற்றங்கள் பழையவை. கட்டை என்ற ஒரே அளவு கர்நாடக மேடையையும் மெல்லிசை மேடையையும் மாதா கோயில் மாடத்தையும் இணைக்கிறது. அரசு இசைப்பள்ளியில் என்றாவது எட்டாவது பாடமாகக் கிட்டார் வந்தால், முதல் வகுப்பில் இ, ஏ, டி, ஜி, பி, இ-யோடு சேர்த்து மூணு, ஆறு, ரெண்டு, அஞ்சு, ஏழு, மூணையும் கரும்பலகையில் எழுத வேண்டும். பக்கத்திலேயே உந்தல், உறழ்தல் என்றும் எழுதிவைக்கலாம்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். இந்த வட்டாரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், மூத்தவர் ஒருவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் 200 ரூபாயை நீட்டி, "ஓடிப்போய் மூன்றரைக் கட்டை கேப்போ ஒண்ணு வாங்கிட்டு வா தம்பி" என்கிறார் என்று வையுங்கள். பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், புறப்பட்டுப் போகாதீர்கள். அது ஓ.டி.யிலும் கிடைக்காது, என்.டி.யிலும் கிடைக்காது.